வான்வழி ஆறு மணித்தியாலம்

கல்முனைக்கு அண்மையிலுள்ள மாவடிப்பள்ளிக் கிராமத்தில் ஒரு வீட்டின் முன்விறாந்தையை மனக்கண்முன் கொண்டு வருக. புனித ஹஜ் யாத்திரைக்குப் பெயர் பதிந்துள்ள மூதாட்டி ஒருவர் பாயில் அமர்ந்திருக்கிறார். பக்கத்திலே பள்ளிக்கூடத்தில் படிக்கும் பேரன். மூதாட்டி கேட்கிறார்: "ஜித்தா எவ்வளவு தூரம் மகன்?" பேரன் கையிலுள்ள தொலைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு உடனே விடை சொல்கிறான்: "நாலாயிரத்து அறுநூற்றைம்பது கிலோமீற்றர், மூத்தம்மா. ஆறு மணித்தியாலத்தில போய் இறங்கலாம்." மூதாட்டியின் முகம் மலர்கிறது. "அப்ப சுபஹுத் தொழுதிட்டு வெளிக்கிட்டா அங்க போய் லுஹர் தொழலாமே மகன்!" என்கிறார்.

பேரன் சொன்னது பொய்யன்று. மூதாட்டி கணக்கிட்டதும் தவறன்று. ஆயினும் அவ்வாறு வெளிக்கிட்டவர் எவரும் அன்றைய லுஹரை மக்காவில் தொழுததில்லை. மெய்யான இரண்டு எண்களிலிருந்து மெய்யல்லாத ஒரு முடிவு எவ்வாறு பிறந்தது? இக்கேள்விக்கு விடை தேடுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலில் தூரத்தை நோக்குதல் தகும். தேசப்படத்தில் இரு நகரங்களுக்கிடையே அடிமட்டத்தை வைத்து நேர்கோடு கீறினால் அது மெய்யான குறுகிய வழியாகிவிடாது. பூமி உருண்டையானது, தேசப்படமோ தட்டையானது. தோடம்பழத்தின் தோலை உரித்துப் பலகையில் தட்டையாக அழுத்தினால் அது கிழியும், அல்லது இழுபடும். தேசப்படமும் அவ்வாறு இழுபட்ட தோலே. ஆதலால் வகுப்பறையில் இருக்கும் பூகோள உருண்டையை எடுத்து, கட்டுநாயக்கவில் ஒரு நூலின் நுனியைப் பிடித்து, மறுநுனியை ஜித்தாவரை இறுக்கிப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழியாகும். அந்த நூல் திருவனந்தபுரத்தை அண்டி இந்தியாவின் தென்முனையைத் தாண்டும். அரபிக்கடலைக் குறுக்காகக் கடந்து, ஓமான் நாட்டின் தெற்கிலே சலாலா நகருக்கு அண்மையில் கரையேறும். அப்பால் 'வெறுமையான கால்பங்கு' எனப் பொருள்படும் ருபுல் காலி என்னும் பெரும் மணற்பாலையைக் கடந்து, செங்கடற்கரையிலுள்ள ஜித்தாவை அடையும்.

இந்நூலின் நீளத்தை எளிய கணக்கினாலும் அறியலாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீற்றர். ஒரு முழு வட்டத்துக்கு 360 பாகை. ஆகவே பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 111 கிலோமீற்றர் ஆகும். கட்டுநாயக்கவையும் ஜித்தாவையும் பூமியின் நடுவிலிருந்து பார்த்தால் அவற்றுக்கிடையே உள்ள கோணம் 42 பாகைக்குச் சற்றுக் குறைவு. இதனை 111 ஆற் பெருக்கினால் ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர், அஃதாவது 2,900 மைலுக்குச் சற்றுக் குறைவான தூரம் கிடைக்கின்றது. பேரன் சொன்ன எண் சரியானதே. விமானங்கள் வகுத்தமைக்கப்பட்ட வான்பாதைகளைப் பின்பற்றியே பறக்க வேண்டியிருப்பதால், மெய்யாகப் பறக்கும் தூரம் இதைவிடச் சிறிது கூடும்.

இனி நேரம். இக்காலத்துப் பெரிய ஜெற் விமானங்கள் பத்து முதல் பன்னிரண்டு கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு 850 முதல் 900 கிலோமீற்றர் வேகத்தில் செல்வன. தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஐந்தரை மணித்தியாலம் வரும். மேலெழும்புவதற்கும் கீழிறங்குவதற்கும் எடுக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். ஆனால் போகும்போது எடுத்த நேரமே திரும்பி வரும்போதும் எடுக்கும் என்று எண்ணலாகாது. குளிர்கால மாதங்களிலே அரபுத் தீபகற்பத்தின் மேலாக உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வன்மையான காற்று வீசும். மேற்கே செல்லும் விமானத்துக்கு அது எதிர்க்காற்று. இலங்கை நோக்கி வரும் விமானத்துக்கோ அது பின்னின்று தள்ளும் துணை. ஆற்றோட்டத்தை எதிர்த்துத் தோணி வலிப்பவனும், ஓட்டத்தோடு வருபவனும் ஒரே தூரத்தை ஒரே நேரத்திற் கடப்பதில்லை. ஆகாயத்திலும் அதே நியாயந்தான்.

கடிகாரம் செய்யும் மாயமும் ஒன்று உண்டு. இலங்கை நேரத்துக்கும் சவூதி அரேபிய நேரத்துக்கும் இடையே இரண்டரை மணித்தியால வேறுபாடு இருக்கின்றது. காலை எட்டு மணிக்குக் கட்டுநாயக்கவில் புறப்படும் விமானம் ஆறு மணித்தியாலம் பறந்து இறங்கும்போது, இலங்கையில் பிற்பகல் இரண்டு மணி. ஜித்தாவின் கடிகாரமோ முற்பகல் பதினொன்றரை காட்டும். பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களையும் பார்ப்பவர், மூன்றரை மணித்தியாலத்தில் போய்விட்டதாக எண்ணுவார். திரும்பும்போது, ஜித்தாவில் காலை எட்டு மணிக்கு ஏறி ஐந்தரை மணித்தியாலம் பறந்து வந்தாலும், கட்டுநாயக்கவில் மாலை நான்கு மணி ஆகியிருக்கும். அவருக்கு எட்டு மணித்தியாலம் எடுத்ததாகத் தோன்றும். மேற்கே போனவர் பெற்ற இரண்டரை மணித்தியாலத்தைக் கிழக்கே வரும்போது திருப்பிக் கொடுக்கிறார், அவ்வளவே. இலங்கை தன் கடிகாரத்தை 1996ஆம் ஆண்டில் முன்னே தள்ளி, 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது. அவ்விடைப்பட்ட ஆண்டுகளின் பெரும்பகுதியில் இவ்வேறுபாடு மூன்று மணித்தியாலமாக இருந்தது. கடிகாரம் மனிதர் வகுத்த ஏற்பாடு, தூரமோ மாறவில்லை.

ஆயினும் சூரியன் கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதில்லை. பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கின்றது. இரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழ 41 பாகை நெடுங்கோட்டு வேறுபாடு இருப்பதால், பகலில் மேற்கு நோக்கிப் பறப்பவரின் பகல் இரண்டே முக்கால் மணித்தியாலம் வரை நீளும். ரமழான் மாதத்தில் உம்றாவுக்குச் செல்பவர் நோன்போடு விமானம் ஏறினால், இலங்கையில் உற்றார் நோன்பு திறந்து தேநீர் அருந்தி முடித்த பின்னரும் அவருக்குச் சூரியன் மறைந்திராது. பிரயாணிக்கு நோன்பிலே சலுகை வழங்கப்பட்டிருப்பதன் அருமை அங்கே ஒருவருக்கு நன்கு விளங்கும்.

இந்தத் தூரத்தை முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதையும் நினைவுகூர்தல் நன்று. பாய்க்கப்பல் காலத்தில் பயணத்தின் நேரத்தை மனிதன் தீர்மானிக்கவில்லை, காற்றே தீர்மானித்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மரக்கலங்கள் இக்கரைகளிலிருந்து அரபுநாட்டை நோக்கிச் சென்றன. தென்மேற்குப் பருவக்காற்றின் துணையோடு திரும்பின. காற்றைத் தவறவிட்டவன் அடுத்த பருவம் வரை துறைமுகத்திற் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1325ஆம் ஆண்டில் ஹஜ்ஜை நாடித் தன் ஊராகிய தஞ்சியரை விட்டுப் புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலையையும் தரிசித்தார். அவர் தம் ஊருக்குத் திரும்பிய காலத்தில் ஓர் இளைஞர் நடுவயதினராகியிருந்தார். அக்காலத்துப் பயணம் என்பது வாழ்நாளின் ஒரு பகுதி.

நீராவிக் கப்பல் வந்தபின் காற்றின் ஆட்சி தளர்ந்தது. இலங்கையிலிருந்து சென்றோர் பலர் பம்பாயை அடைந்து அங்கிருந்து கப்பலேறினர். மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928ஆம் ஆண்டில். அதற்குமுன் 1914இலேயே தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியிருந்தது. ஆகவே மாட்டுவண்டியில் மட்டக்களப்பு வரை சென்று, ரயிலில் தலைமன்னாரை அடைந்து, கடல் கடந்து, மீண்டும் ரயிலில் பம்பாய் வரை போவதற்கு ஒரு வழி பிறந்தது. பம்பாயிலிருந்து ஜித்தா கடல்வழியே 4,300 கிலோமீற்றருக்கு மேல். மணிக்கு இருபது கிலோமீற்றர் செல்லும் கப்பல் இரவு பகல் நில்லாது ஓடினாலும் ஒன்பது நாள் எடுக்கும்.

அந்த ஒன்பது நாளோடும் முடிந்துவிடவில்லை. வாந்திபேதி நோய் யாத்திரிகரோடு நாடு நாடாகப் பரவிய காலம் அது. ஆதலால் கிழக்கிலிருந்து வரும் கப்பல்கள் செங்கடலிலுள்ள கமரான் தீவில் நிறுத்தப்பட்டன. 1882ஆம் ஆண்டு முதல் அத்தீவில் நோய்த்தடுப்பு நிலையம் ஒன்று இயங்கியது. கரையை அணுகிவிட்டோம் என மகிழ்ந்த யாத்திரிகர், அங்கே இறங்கி, தங்கி, மருத்துவர் அனுமதித்த பின்னரே மேற்செல்ல முடிந்தது. பயண நேரம் என்பது ஓடும் நேரம் மட்டுமன்று, காத்திருக்கும் நேரமும் அதனுள் அடங்கும் என்னும் உண்மையை அன்றைய யாத்திரிகர் கமரானிற் கற்றனர்.

விமானம் வந்தபோதும் தூரம் உடனே சுருங்கிவிடவில்லை. இரண்டாம் உலக மகாயுத்த காலத்தில், 1943 முதல் 1945 வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கல வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் குவான்டாஸ் நிறுவனத்தின் கற்றலினா என்னும் நீர்விமானங்கள் பறந்தன. தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். அஃதாவது ஜித்தாவுக்குள்ள தூரத்தைவிட ஆயிரம் கிலோமீற்றரே அதிகம். எடுத்த நேரமோ 27 முதல் 33 மணித்தியாலம்! பகைவரின் கண்காணிப்புக்கு உட்பட்ட பகுதியை இருளிலே கடக்கும் வண்ணம் நேரம் வகுத்து, வானொலியை மௌனமாக வைத்து, விண்மீன்களை வழிகாட்டியாகக் கொண்டு அவை சென்றன. பறந்துகொண்டிருக்கும்போதே இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டமையால் அவை 'இரட்டைச் சூரியோதயப் பறப்புகள்' எனப் பெயர் பெற்றன. எரிபொருளின் சுமை காரணமாக ஒரு பறப்பில் மூன்று பயணிகளையே ஏற்ற முடிந்தது.

அதன்பின் ஏறத்தாழ ஏழாண்டில், 1952ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், கொமெட் என்னும் ஜெற் விமானம் லண்டனுக்கும் கொழும்புக்கும் இடையே சேவையில் ஈடுபட்டது. கப்பலில் வாரக்கணக்கில் சென்ற வழி ஒரே நாளுக்குள் அடங்கியது கண்டு உலகம் வியந்தது. ஆனால் 1954இல் கொமெட் விமானங்கள் இரண்டு நடுவானிற் சிதறின. ஆகாயத்தில் உயர உயர வெளியமுக்கம் குறைய, உள்ளே அடைத்த காற்று விமானத்தின் உடலை ஒவ்வொரு பறப்பிலும் ஊதுவதும் தளர்த்துவதுமாக இருந்தமையால் உலோகம் களைப்புற்று வெடித்தது என ஆராய்ச்சியிற் கண்டனர். கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்தினால் அது ஒடிவதைப் போன்றதே இது. அப்பாடத்தைக் கற்றுத் திருத்திய பின்னர் எழுந்தவையே இன்றைய விமானங்கள். ஆறு மணித்தியாலம் என்று பேரன் எளிதாகச் சொன்ன அச்சொல்லின் பின்னே இத்தனை பேரின் உழைப்பும் உயிரும் இருக்கின்றன.

நேயர்களே, இனி மூதாட்டியின் கணக்குக்குத் திரும்புதல் வேண்டும். விமானம் மாவடிப்பள்ளி வயலிலிருந்து எழும்புவதன்று. அது கட்டுநாயக்கவிலிருந்து எழும்புகின்றது. மாவடிப்பள்ளியிலிருந்து கட்டுநாயக்க, பறவை பறக்கும் வழியில், 210 கிலோமீற்றரை அண்டியதே. ஜெற் விமானம் இத்தூரத்தைக் கால்மணி நேரத்திற் கடந்துவிடும். ஆனால் இடையிலே மலைநாடு நிற்கின்றது. வீதி வளைந்தும் ஏறியும் இறங்கியும் செல்ல வேண்டியிருப்பதால் 210 என்பது ஏறத்தாழ 350 ஆகின்றது. பேருந்திலோ வாகனத்திலோ அதற்கு எட்டு ஒன்பது மணித்தியாலம் வேண்டும். விமான நிலையத்தில், குழுவாகச் செல்லும் யாத்திரிகர் மூன்று நான்கு மணித்தியாலம் முன்னதாகவே நிற்க வேண்டும். பறப்பு ஆறு மணித்தியாலம். ஜித்தாவில் இறங்கிய பின்னர் கடவுச்சீட்டுப் பரிசோதனை, பொதிகளைத் தேடல், பஸ் வண்டிக்குக் காத்திருத்தல் எனப் பின்னும் சில மணித்தியாலம். உலகின் நாலா பக்கங்களிலிருந்தும் ஒரே காலத்தில் வந்து குவியும் மக்கள் திரளுக்கென்றே, 1981இல் திறக்கப்பட்ட அவ்விமான நிலையத்தில், கூடாரங்களை ஒத்த பெரும் கூரைகளின்கீழ்த் தனியான ஹஜ் முனையம் ஒன்று அமைக்கப்பட்டது. அது காத்திருப்பதற்கென்றே கட்டப்பட்ட இடம் எனலாம். அப்பால் மக்காவுக்கு இன்னும் ஏறத்தாழ தொண்ணூறு கிலோமீற்றர்.

இவற்றை ஒன்றாகக் கூட்டினால் வருவது யாது? வீதியில் ஒன்பது, கட்டுநாயக்கவில் நான்கு, வானத்தில் ஆறு, ஜித்தாவில் நான்கு, மக்கா வழியில் இரண்டு. ஆக இருபத்தைந்து மணித்தியாலம். தூரமோ ஏறத்தாழ 5,090 கிலோமீற்றர். அதில் 4,650ஐ விமானம் கடக்கின்றது. எனவே தூரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, நேரத்தில் நான்கில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகின்றது. எஞ்சிய ஒரு பங்கு தூரமே நான்கில் மூன்று பங்கு நேரத்தை உண்டுவிடுகின்றது. இன்றைய உலகத்தில் நேரத்தை விழுங்குவது வானம் அன்று, நிலமே.

இக்கணக்கை அறியாமையால் விளையும் இடர்கள் சிறியன அல்ல. விமானத்தில் ஏறிய பின்னர் இஹ்ராம் உடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணும் யாத்திரிகரைக் கருதுக. கப்பற் காலத்தில் எல்லைத்தானமாகிய யலம்லமுக்கு நேரே கப்பல் வருவதை முன்கூட்டியே அறிவிப்பர்; குளித்து, உடுத்து, தொழுது ஆயத்தமாக நேரம் இருந்தது. விமானமோ ஒரு நிமிடத்தில் 14 கிலோமீற்றர் ஓடுகின்றது. அறிவிப்பைக் கேட்டும் ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தவர் எழுபது கிலோமீற்றர் கடந்துவிடுவார். ஆதலினாலேயே அறிந்தோர், வீட்டிலோ விமான நிலையத்திலோ இஹ்ராம் ஆடையை உடுத்துக்கொண்டு, நிய்யத்தை மட்டும் எல்லைத்தானத்துக்கு வைத்துக்கொள்ளும்படி அறிவுறுத்துகின்றனர்.

இதனினும் உள்ளத்தை வருத்தும் நிலை மற்றொன்று உண்டு. கிழக்குக் கரையோர ஊர்களிலிருந்து அரபுநாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் பலர். ஜித்தாவில் இருக்கும் மகனுக்கு வாப்பா காலமான செய்தி நொடியில் எட்டிவிடுகின்றது. ஜனாஸாவை விரைந்து அடக்குதல் மார்க்கத்தின் முறை. "ஐந்தரை மணித்தியாலந்தானே, மகன் வந்து முகம் பார்க்கட்டும்" என வீட்டார் கலங்கி நிற்பர். அன்றே விமானம் இருந்து, அதில் இடமும் கிடைத்தாலுங்கூட, அவர் மாவடிப்பள்ளி வந்து சேர இருபது மணித்தியாலம் வேண்டும் என்பதை அவ்வேளையில் யார் கணக்கிடுவார்? விமான நேரத்தை நம்பிக் காத்திருந்து பின் மனமுடைவதிலும், வழி நேரத்தை முன்னரே அறிந்து தெளிவாக முடிவு செய்வது அக்குடும்பத்துக்கு ஆறுதலாகும். குரல் ஒரு நொடியிற் செல்லும். உடல் அவ்வாறு செல்லாது. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளப்பதே இக்காலத்தவரின் பெரும் மயக்கம்.

முடிவாக, எல்லாவற்றிலும் குறுகிய தூரம் ஒன்றைப் பற்றிச் சொல்லவேண்டும். மாவடிப்பள்ளி, கரையிலுள்ள காரைதீவுக்கும் உள்நாட்டிலுள்ள சம்மாந்துறைக்கும் இடையே வயல்கள் சூழ அமைந்த ஊர். காரைதீவு–அம்பாறை வீதி அதனூடாகச் செல்கின்றது. வடகீழ்ப் பருவமழை பொழியும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் வயலும் வாய்க்காலும் ஒன்றாகி வெள்ளம் வீதியை மூடும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள், மதரஸாவிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவரை ஏற்றிவந்த உழவு இயந்திரம் இவ்வழியிலே வெள்ளத்தில் அகப்பட்டது. சிலர் காப்பாற்றப்பட்டனர். வீட்டை அடையாமலே சிறுவர் பலர் உயிர் நீத்தனர். அவர்கள் செல்ல இருந்தது நாலாயிரம் கிலோமீற்றர் அன்று. அடுத்த ஊருக்கு. பாலைவனத்தையும் பெருங்கடலையும் ஆறு மணித்தியாலத்திற் கடக்கும் இந்நூற்றாண்டிலே, சில கிலோமீற்றர் வயல்வழி அவர்களுக்குக் கடக்க முடியாத தூரமாயிற்று.

இங்கே நேயர்கள் கவனத்திற் கொள்ளத்தக்க கணக்கு ஒன்று உண்டு. ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பத்து அல்லது பதினொரு நாள் குறுகியது. ஆதலால் ஹஜ்ஜுக் காலம் ஆண்டுதோறும் முன்னோக்கி நகர்ந்து, ஏறத்தாழ முப்பத்துமூன்று ஆண்டில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2025இல் அது ஜூன் மாதத் தொடக்கத்தில் வந்தது. வரண்ட காலம், வீதிகள் திறந்திருக்கும் காலம். 2006ஆம் ஆண்டு முடிவில் அது டிசெம்பர் மாதக் கடைசியில் வந்தது. அதனையடுத்த சில ஆண்டுகளிலும் மழைக்காலத்தோடு கூடியே வந்தது. 2039ஆம் ஆண்டை அண்டி அது மீண்டும் டிசெம்பரைத் தொடும். அதன்பின் நவம்பரை நோக்கி நகரும். அப்பொழுது யாத்திரிகர் வீட்டை விட்டு இறங்கும் நாள்கள், கிழக்கிலே வெள்ளம் பெருகும் நாள்களாயிருக்கும். விமானம் நேரந் தவறாது கட்டுநாயக்கவில் நிற்கும். யாத்திரிகர் மாவடிப்பள்ளியிலிருந்து காரைதீவுச் சந்தியை அடைவாரா என்பதே அன்றைய கேள்வி.

இதற்குப் பதினைந்து ஆண்டுக்குக் குறைவான அவகாசமே உண்டு. வீதியை உயர்த்துவதும், வெள்ளம் வடிந்தோட மதகும் பாலமும் அமைப்பதும், வெள்ள நாளில் வண்டியை மறித்து நிறுத்துவோரை முன்னதாகவே நியமிப்பதும் விமானம் கண்டுபிடிப்பதைப் போன்ற அரிய செயல்கள் அல்ல. உலோகத்தின் களைப்பை ஆராய்ந்து கொமெட்டைத் திருத்திய அறிவில் ஒரு சிறு பங்கு போதும். அன்று விமானத்தில் இறந்தவர்களுக்காக உலகம் காரணத்தைத் தேடியது. காரணத்தைக் கண்டு திருத்தியது. வயல்வழியில் இறந்த சிறுவருக்கும் அதே கடமை உரியது.

விறாந்தையில் இருக்கும் மூதாட்டிக்கு அவருடைய பேரன் இனிச் சொல்லவேண்டிய விடை வேறு. "ஜித்தாவுக்கு வானத்தில ஆறு மணித்தியாலம், மூத்தம்மா. ஆனா நமக்கு ஒரு நாள் பயணம். இண்டைக்கு சுபஹுத் தொழுதிட்டு வெளிக்கிட்டா, நாளைக்கு சுபஹை மக்கத்தில தொழலாம்." அதைக் கேட்டு மூதாட்டி மனம் தளரப் போவதில்லை. அவருடைய மூதாதையர் மாதக்கணக்கில் சென்ற வழி அது. ஒரு நாளில் என்றால் அவருக்கு அது அற்புதமே. அவர் மருந்தையும் ஒருவேளை உணவையும் கைப்பையில் எடுத்து வைப்பார். இஹ்ராமை மடித்துப் பொதியின் அடியிலன்றி மேலே வைப்பார். வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, பிழை பொறுக்கும்படி கேட்பார். பின்னர் வானத்தைப் பார்க்க மாட்டார். வாசலில் இறங்கி, வீதி எப்படி இருக்கிறது என்றே பார்ப்பார்.